சுமையை இறக்கிய பிறகு

“அண்ணாச்சி, ரயில்வே வேலை போன மாசத்தோட முடிஞ்சுட்டு. இனிமே முழு நேரமும் கோயில்தான். இந்தத் தடவை கமிட்டிக்கு நிக்கலாமான்னு யோசிக்கேன். என்ன சொல்லுதீய?”

செகந்திராபாத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து, இரானி சாய்க் கடையில் எதிரே உட்கார்ந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. நெல்லைப் பக்கம் பிறந்தவர். உழைத்ததெல்லாம் இந்த ஊரில்தான். கேள்வி சின்னது, பதில் ஒரு சாய்க்குள் அடங்காது. இன்னொரு கப் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

செகந்திராபாத் 1806ல் பிரிட்டிஷ் படை தங்கும் கன்டோன்மென்டாக உருவான ஊர். மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத்தான் வைத்தார்கள். மெட்ராஸ் ராணுவப் படைகள் இங்கே முகாமிட்டபோது, சிப்பாய்களோடும் அவர்களை நம்பிப் பிழைத்தவர்களோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1813ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அப்புறம் ரயில்வே வந்தது. 1966ல் தென் மத்திய ரயில்வேயின் தலைமையகமே செகந்திராபாத்தில் அமைந்தது. ராமச்சந்திராபுரத்தில் பெல், இன்னொரு பக்கம் இசிஐஎல், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள் என்று ஒவ்வொன்றும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. இவர்களில் மத்திய அரசு வேலையில் இருந்தவர்கள் 60 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். மாநில அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்ததைத் தெலங்கானா 2021ல் 61 ஆக்கியது. 60ஐ எட்டிய இந்தியருக்குச் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 ஆண்டு ஆயுள் இருக்கிறது என்று அரசின் ஆயுள் அட்டவணைகள் காட்டுகின்றன. அந்தத் தம்பி கேட்டது உண்மையில் இந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் வேலைக்கு வாருங்கள். கமிட்டிக்கு நிற்க வேண்டாம். ஏன் என்று விளக்க எண்ணாகமத்துக்குப் போக வேண்டும்.

ஊழியத்துக்கு ஓய்வு வயது உண்டா என்று கேட்டால், வேதாகமத்தில் ஓய்வே கிடையாது என்று நம் ஆட்களில் பலர் சட்டென்று சொல்வார்கள். அது சரியில்லை. எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். லேவியர் 25 வயதில் பணிக்கு வருகிறார்கள். 50 வயதில் அந்தப் பணியிலிருந்து விலக வேண்டும். 4ஆம் அதிகாரத்தில் தொடக்க வயது 30. தொடக்கம் இரண்டு இடத்திலும் வேறுபட்டாலும் முடிவு 50தான். நம் அரசாங்கத்தைவிடப் பத்து வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

காரணம், அந்தப் பணி தூக்குகிற பணி. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் ஓர் இடத்தில் நிற்காது. முகாம் கிளம்பும்போதெல்லாம் பிரித்து, சுமந்து, அடுத்த இடத்தில் எழுப்ப வேண்டும். 7ஆம் அதிகாரத்தில் இதற்கான வண்டிக் கணக்கு அப்படியே இருக்கிறது. மொத்தம் 6 வண்டி, 12 மாடு. திரைகளையும் மூடுசீலைகளையும் கொண்டுபோகும் கெர்சோன் வம்சத்துக்கு 2 வண்டி, 4 மாடு. பலகைகளும் தூண்களும் பாதங்களும் தூக்கும் மெராரி வம்சத்துக்கு 4 வண்டி, 8 மாடு. கோகாத் வம்சத்துக்கு ஒரு வண்டிகூடக் கிடையாது. பெட்டி, மேசை, பலிபீடம் எல்லாம் அவர்கள் தோளில்தான் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவன் தோளில் அந்தச் சுமையை வைக்க வேண்டாம் என்பதுதான் அந்தச் சட்டம். அதில் ஓர் இரக்கம் இருக்கிறது.

ஆனால் அதே பகுதி அங்கே நின்றுவிடவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், பணியில் இருக்கிற தம் சகோதரர்களுக்குக் கூடாரத்தில் துணையாக இருந்து காவல் காக்கலாம் என்று சேர்த்துச் சொல்கிறது. தூக்குவதை விடு, கூடாரத்தை விட்டுப் போகாதே. என் முழுப் பதிலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தாவீது ராஜாவின் கடைசிக் காலத்தில் இந்த வயதுக் கணக்கே மாறுகிறது. 1 நாளாகமம் 23ல் முதலில் 30 வயதிலிருந்து லேவியரை எண்ணுகிறார்கள். அப்போது 38,000 பேர். பிறகு 20 வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். கூடாரத்தை இனிச் சுமக்கத் தேவையில்லை என்று அங்கேயே காரணமும் சொல்லியிருக்கிறது. பாடுகிறவர், வாசல் காக்கிறவர், கணக்குப் பார்க்கிறவர் என்று வேலை வேறாகிவிட்டது. வேலை மாறினால் வயதும் மாறும். வயதைப் பார்த்து வேலையை நிர்ணயித்ததில்லை; வேலையைப் பார்த்துத்தான் வயதை நிர்ணயித்தார்கள்.

இன்றைய சபைகளிலும் ஓய்வு வயது இருக்கத்தான் செய்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பிஷப் 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். பங்குத்தந்தைக்கும் அதே வயது. 80 வயது ஆன கர்தினால் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் அவையில் வாக்களிக்க முடியாது. 1970ல் ஆறாம் பவுல் கொண்டுவந்த விதி அது. 2025 மே மாதம் நடந்த தேர்தலில் ஐதராபாத் பேராயர் கர்தினால் அந்தோணி பூலா வாக்களித்தார். 1961ல் பிறந்தவர். 2022ல் கர்தினாலான அவர்தான் தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால். தென்னிந்தியத் திருச்சபையில் ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக உயர்த்த 2022ல் சினாட் கொண்டுவந்த திருத்தம் நீதிமன்றப் படி ஏறியதை நாம் எல்லோரும் பத்திரிகையில் படித்தோம். அதில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாற்காலிக்குத்தான் வயது வரம்பு வேண்டியிருக்கிறது, நாற்காலியைப் பற்றித்தான் வழக்கும் நடக்கிறது. படுக்கையில் கிடக்கிற ஒருவரைப் பார்க்கப் போகும் உரிமைக்காக யாரும் எந்தக் கோர்ட்டுக்கும் போனதில்லை.

ஆதி சபையில் 60 வயதில் பெயர் சேர்க்கிற பட்டியல் ஒன்று இருந்தது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. விதவைகள் கூட்டத்தில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் வயது அறுபதுக்குக் குறையக் கூடாது. பிள்ளைகளை வளர்த்தவரா, அந்நியரை உபசரித்தவரா, துன்பப்பட்டவருக்கு உதவினவரா என்று விசாரித்துச் சேர்க்க வேண்டும். சபை தாங்க வேண்டியவர்களின் பட்டியல் அது. அதோடு, ஜெபமும் உதவியுமாக வாழ்ந்து காட்டியவர்களின் பட்டியலும்கூட. நம் ஊரில் அறுபதில் பெயர் வெட்டப்படுகிறது. அங்கே அறுபதில் எழுதப்பட்டது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் அன்னாள் 84 என்ற எண்ணோடு சொல்லப்படுகிற விதவை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்ததால்தான் குழந்தை இயேசுவைக் கொண்டுவந்த நேரத்தில் அங்கே இருந்தார்.

சரி, நம் கோயில்களில் முதியவர் செய்யக்கூடிய வேலை என்ன? பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டிய ஒருவர். இன்ஜின் ஓட்டியவர். வாரம் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பையில் பெரிய எழுத்து வேதாகமம், பாட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு, ஒரு தண்ணீர் பாட்டில். இரண்டு தெரு தள்ளி, மறதி நோயோடு படுத்திருக்கும் ஓர் அம்மா. அந்த அம்மாவின் நல்ல காது எந்தப் பக்கம் என்று இவருக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியை அந்தப் பக்கமே போடுவார். ஒரு சங்கீதத்தை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். பிறகு ஒரு பழைய கீர்த்தனையை எடுப்பார். பெற்ற மகள் பெயர் மறந்துபோன அந்த அம்மா இரண்டாவது அடியில் கூடச் சேர்ந்துகொள்வார். நினைவு தேய்ந்த பிறகும் சின்ன வயதில் பாடிய பாட்டு பலரிடம் தங்கிவிடுகிறது. மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். இது நடக்கிற நேரத்தில் மருமகள் பின்கட்டில் குளித்து, தலை துவட்டி, சூடாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கிற ஒரே அரை மணி நேரம் அதுதான். வந்து போகிறவர் இதையும் தெரிந்து வைத்திருந்தார். அதனால் ஒருநாளும் சீக்கிரம் எழுந்ததில்லை.

இந்த வேலையை இருபத்தைந்து வயதுப் பையனால் செய்ய முடியாதா? மனமிருந்தால் முடியும். ஆனால் அவன் அந்த மூன்று மணிக்கு ஹைடெக் சிட்டியில் கணினி முன்னால் இருப்பான். ஆயர் ஐயாவுக்கோ நூற்றுக்கணக்கில் குடும்பங்கள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர். பகல் மூன்று மணி சபையில் யாரிடம் இருக்கிறது? ஓய்வு பெற்றவரிடம் மட்டும்தான். பணமும் பதவியும் இல்லாத முதியவரிடம்கூட இந்தப் பகல் நேரம் இருக்கிறது. அதைத்தான் கொடுக்கச் சொல்கிறேன்.

ஐதராபாத்துக்கே உரிய இன்னொரு வேலையும் இருக்கிறது. கச்சிபௌலி, கொண்டாபூர், மியாப்பூர் பக்கம் ஏறி நிற்கிற அடுக்குமாடிகளைப் பாருங்கள். மகனோ மகளோ மென்பொருள் வேலையில் இருக்க, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து சேர்ந்த பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது. ஊரில் கோயில் மணி அடித்தால் முதல் ஆளாகப் போய் நின்றவர்கள். இங்கே பால்கனியில் நின்று கார்களைப் பார்க்கிறார்கள். தமிழ் ஆராதனை நடக்கும் செகந்திராபாத் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு காலை மகன் தூங்குகிறான். எழுப்ப மனம் வராது.

இவர்களை அழைத்து வரத் தகுதியான ஆள் அந்தத் தம்பிதான். தெலுங்கு தெரியும், ஊர் தெரியும். ராயதுர்கத்திலிருந்து நீல வழி மெட்ரோ நேரே செகந்திராபாத் கிழக்கு வரை வருகிறது. நடுவில் வண்டி மாற வேண்டாம். முதல் இரண்டு ஞாயிறு கூடவே போய், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் மூன்றாவது ஞாயிறு அவர்களே வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்களும் வேலை செய்ய ஆரம்பிப்பார்கள். ஊரில் ஞாயிறு பள்ளி நடத்தியவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் போதாதா?

தமிழ் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. பாடம் வாசிக்க மேடைக்கு வருகிறவர்களின் தலையைப் பாருங்கள், எல்லாம் நரை. அடுத்த தலைமுறை நன்றாகப் பாடுகிறது, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறது. இதைப் பற்றிப் புலம்புவதால் ஒன்றும் ஆகாது. ஞாயிறு ஆராதனைக்கு முன் அரை மணி நேரம், இரண்டு பிள்ளைகள், ஒரு சங்கீதம். அவ்வளவு போதும்.

சபையின் பழைய காகிதங்களையும் சொல்ல வேண்டும். நிஜாம் ஆட்சிக் காலத்து நிலப் பத்திரங்கள் பெரும்பாலும் உருதுவில் இருக்கும். உருது வழியில் படித்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைப் பதிவேடு எல்லாம் பழைய கையெழுத்தில் மக்கிக்கொண்டிருக்கின்றன. தாலுகா ஆபீசிலோ பதிவுத் துறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், போட்டோ எடுக்கத் தெரிந்த ஓர் இளைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மழைக்காலத்தில் முடித்துவிடலாம்.

இங்கே இரண்டு பெரியவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாமவர் நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். 1909ல் தன் ஊரையும் மொழியையும் விட்டு, நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு வந்து, தெலுங்கு கற்று ஊழியம் செய்தார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே காலமானபோது அவருக்கு வயது 70; அதுவரை பணியில்தான் இருந்தார். தெலங்கானாவில் வாழ்கிற தமிழ்க் கிறிஸ்தவருக்கு அவர் வாழ்க்கை ஒரு கேள்வி கேட்கிறது. இத்தனை வருஷம் இந்த மண்ணில் சம்பளம் வாங்கி, தெலுங்கு பேசிப் பழகிய நாம், ஓய்வுக்குப் பிறகாவது நம் தமிழ்ச் சபையின் மதிலுக்கு வெளியே ஏதாவது செய்கிறோமா?

இரண்டாமவர் லெஸ்லி நியூபிகின். 1909ல் இங்கிலாந்தில் பிறந்து, தமிழ்நாட்டில் பணிக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-ராமநாதபுரம் பேராயராக ஆனார். வயது 37தான். 1965ல் சென்னைப் பேராயர். 1974ல் 64 வயதில் ஓய்வு பெற்றார். ஊருக்குப் போன விதமே தனி. மனைவி ஹெலனோடு, கொஞ்சம் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கிடைத்த பஸ்களில் ஏறி இறங்கித் தரை வழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பர்மிங்காமில் சில வருஷம் பாடம் நடத்தினார். பிறகு அதே நகரில் வின்சன் கிரீன் என்ற ஏழ்மையான பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சின்னஞ்சிறு சபை; மூடிவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூடக் கூடாது என்று வாதாடியவர், 70 வயதில் தானே அதன் போதகரானார். பேராயராக இருந்து ஓய்வு பெற்றவர், கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சபைக்கு ஆயராகி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இன்று உலகெங்கும் இறையியல் மாணவர் படிக்கும் அவருடைய முக்கியமான புத்தகங்கள் அந்த வருஷங்களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. பன்மைச் சமூகத்தில் சுவிசேஷம் பற்றிய நூல் வெளியான 1989ல் அவருக்கு 79 வயது. 1998ல் மறைந்தார். கண்பார்வை போன கடைசிக் காலத்தில் மாணவர்கள் வந்து அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள்.

என்னைக் கவர்வது அவர் எழுதிய புத்தகங்களின் எண்ணிக்கை அல்ல. சென்னையில் அவருக்குப் பின்னால் வந்தவரின் வேலையில் தலையிடாமல், யாரும் போட்டிக்கு வராத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாரே, அதுதான்.

இப்போது கமிட்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பியிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். செக்ரட்டரி, டிரெஷரர், கமிட்டி மெம்பர் எல்லாம் தேவையான பொறுப்புகள். ஆனால் அவை தூக்குகிற வேலை. கட்டடம், வரி, வழக்கு, தேர்தல், இரவு பதினோரு மணி வரை நீளும் கூட்டம். நாற்பது வயதுக்காரர் செய்யட்டும். அவர்களுக்கு நேரமில்லை, விவரம் போதாது என்று நாம் சொல்கிறோம். நாம் எழுந்தால்தானே அவர்களுக்கு விவரம் வரும்? ஒரே ஆள் பதினைந்து இருபது வருஷம் கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிற சபையில், அவர் திடீரென்று படுத்துவிட்டால் பேங்க் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரிவதில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தும் சபைக்கு அது ஆபத்து.

பர்சிலாய் என்று ஒரு கிழவர் 2 சாமுவேல் புத்தகத்தில் வருகிறார். தாவீது மகனுக்குப் பயந்து ஓடி மகனாயீமில் இருந்தபோது கட்டில், பாத்திரம், கோதுமை, வாற்கோதுமை, பயறு, தேன் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர். கலகம் அடங்கி, ராஜா எருசலேமுக்குத் திரும்பும்போது தன்னோடு அரண்மனைக்கு வந்துவிடும்படி அழைக்கிறார். பர்சிலாய்க்கு அப்போது 80 வயது. சாப்பாட்டின் ருசி தெரியவில்லை, பாடகர் சத்தம் காதில் விழவில்லை, நான் வந்து ராஜாவுக்கு ஏன் பாரமாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் இந்தக் கிம்காம் வரட்டும் என்று ஓர் இளையவனை முன்னால் நிறுத்துகிறார். யோர்தான் வரை ராஜாவோடு நடந்து வழியனுப்பிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புகிறார். எண்பது வயதில் யோர்தான் வரை வந்தாரே, அதுவும் ஊழியம். அரண்மனைக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தான் விலகினாரே, அதுவும் ஊழியம். நம் சபைகளில் பர்சிலாய்கள் குறைவாக இருப்பதால்தான் கிம்காம்கள் வேறு சபை தேடிப் போகிறார்கள். கடுமையாக இருந்தாலும் இதை நான் நிச்சயமாகவே சொல்கிறேன்.

“அப்ப அக்காமாருக்கு?” என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பெண்களுக்கு இந்தப் பேச்சே ஓரளவு அந்நியம். வேலைக்குப் போன அம்மாவும் போகாத அம்மாவும் அறுபது வயதில் எதிலிருந்தும் ஓய்வு பெறுவதில்லை. அசனத்துக்குக் காய் நறுக்குவது, ஐக்கிய சங்கக் கூட்டம், கைப்பிடி அரிசி சேர்ப்பது, பிறகு வீட்டுக்குப் போய்ப் பேரனைக் குளிப்பாட்டுவது. அவர்களைப் பார்த்து இன்னும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்கள் ஓய்வு பெற்றதும் செய்ய வேண்டிய முதல் கோயில் வேலை, அசனத்தன்று பெரிய பாத்திரங்களைக் கழுவுவதாக இருக்கட்டும். தீர்மானம் எடுக்கிற கூட்டத்தில் அந்த அம்மாக்களுக்கு ஓர் இருக்கை கிடைக்கட்டும்.

அளவும் முக்கியம். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1999ல் வெளியானது. தன்னார்வத் தொண்டு செய்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஆனால் அந்த நன்மை ஒரே ஓர் அமைப்பில், அல்லது ஆண்டுக்கு 40 மணி நேரத்துக்கு மேற்படாமல் தொண்டு செய்தவர்களிடம்தான் தெரிந்தது. பல அமைப்புகளில் ஓடியவர்களுக்கு அப்படிக் கூடுதல் நன்மை இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட வராத கணக்கு அது. ஆகவே ஒரு வேலையை எடுங்கள். அதை விடாமல் செய்யுங்கள்.

அதையும் செய்ய முடியாத காலம் வரும். முழங்கால் விட்டுவிடும், கை நடுங்கும். இந்த ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் சகோதரர் பக்த் சிங். 1903ல் பஞ்சாபில் பிறந்து, நாடெங்கும் நடந்து சபைகளை எழுப்பியவர். கோல்கொண்டா குறுக்குச் சாலையில் எப்ரோன் வளாகம் அவருடைய பணிக்கு மையமாக இருந்தது. அப்படி ஓயாமல் அலைந்தவரைக் கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய் படுக்கையில் போட்டது. பேச்சும் குறைந்துபோனது. 2000 செப்டம்பர் 17 அன்று 97 வயதில் இதே ஊரில் காலமானார். இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தை ஐதராபாத் இன்னும் பேசுகிறது. நெல்லைப் பக்கம் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் 1931ல் விழுந்து அடிபட்டபின், 1951ல் இறக்கும்வரை ஏறத்தாழ அறைக்குள்ளேயே இருந்தார். புத்தகங்களும் கடிதங்களும் அந்த அறையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. எல்லோருக்கும் எழுத வராது. ஆனால் ஒரு போனை எடுத்து, இன்றைக்கு உங்கள் மகளின் பரீட்சைக்காக ஜெபம் செய்தேன் என்று ஒருவரிடம் சொல்லப் படுத்துக்கொண்டும் முடியும். 2020 பொதுமுடக்கத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது வாட்ஸாப் ஜெபக்குழுக்களைத் தாங்கியவர்கள் பாதிக்கு மேல் தாத்தா பாட்டிகள்தான் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

சபைக்கும் கடமை உண்டு. வயதானவர்கள் வருவதில்லை என்று குறைப்படும் கமிட்டி, வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று முதலில் எண்ணட்டும். ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடி, மேற்கத்திய கழிப்பறை ஒன்று, பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் இருபது பிரதி, நாற்காலியில் இருப்பவருக்கு இருந்த இடத்திலேயே திருவிருந்து. கோபுரத்துக்கு விளக்கு போடுவதைவிட இதற்குச் செலவு குறைவு. முதியோர் ஞாயிறு என்று வருஷத்துக்கு ஒரு நாள் சால்வை போர்த்தி உட்கார வைப்பதோடு நிறுத்தாமல், அன்றைக்கே ஒரு தாளை நீட்டி, இந்த ஆறு வேலையில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கட்டும். கேட்டால் செய்வார்கள். பலர் கேட்கப்படாமலே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி கடைசியில், “அப்ப நான் எங்கேயிருந்து ஆரம்பிக்க, அண்ணாச்சி?” என்றார். உங்களுக்கும் அதே பதில்தான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் ஐயாவிடம் போய், கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் அதை எழுதிக் கொடுப்பதே உங்கள் முதல் வேலை. இருந்தால், உங்கள் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு, புதன்கிழமை மூன்று மணிக்கு வரலாமா என்று அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.